அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை: நாங்கள் பெற்ற சேவை பற்றிய மதிப்புரை

டவுன் சிண்ட்ரோம் (செல்களில் மரபுப்பொருளைச் சுமக்கும் குரோமோசோம்களில் 21-ஆவது கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) உள்ள குழந்தை பிறந்த பிறகு இன்னொரு குழந்தையைப் பற்றி யோசிக்கும் தம்பதியர், கருத்தரிப்பதற்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது பயனுள்ளதா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நானும் என் கணவரும் ஒரு பெரிய மருத்துவமனையின் மரபியல் பிரிவில் இந்த ஆலோசனையைப் பெற்றோம். பின்னர் நான் கருவுற்றபோது அதே பிரிவின் வழியாகவே ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டோம். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன, அவை அந்த ஒரு மருத்துவமனைக்கு மட்டும் உரியவையும் அல்ல. எண்களை விளக்குவதில் இந்தச் சேவை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அந்த எண்களோடு வீடு திரும்பும் குடும்பத்தைக் கவனிப்பதில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

முன்பதிவு செய்யும்போதே அவர்கள் கேட்ட முதல் காகிதம் எங்கள் மகளின் காரியோடைப் அறிக்கை, அதாவது அவளது குரோமோசோம்களை எண்ணிப் படமெடுத்துத் தந்த அறிக்கை. என்னுடைய பழைய ஸ்கேன்களையோ ரத்த அறிக்கைகளையோ அவர்கள் அவ்வளவு அவசரமாகக் கேட்கவில்லை. பிறந்தவுடன் முகத்தைப் பார்த்தே மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள், பிறகு எதற்குக் குரோமோசோம் பரிசோதனை என்று அதைச் செய்யாமலே விட்ட குடும்பங்கள் பல உண்டு. குழந்தையின் அன்றாடச் சிகிச்சைக்கு அது பெரிதாகத் தேவைப்படாததால் யாரும் வற்புறுத்துவதும் இல்லை. ஆனால் அடுத்த குழந்தை என்ற பேச்சு எழும்போது எல்லாக் கணக்கும் அந்த ஒரு தாளிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் அறிக்கையின் அடியில் ‘47, எக்ஸ் எக்ஸ், +21’ என்று ஒரு வரி இருந்தது. மொத்தம் நாற்பத்தேழு குரோமோசோம்கள், பெண் குழந்தை, 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாகத் தனியே நிற்கிறது என்பது அதன் பொருள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இந்த வகையில்தான் வருகிறார்கள். மூன்று, நான்கு விழுக்காட்டினருக்கு அந்தக் கூடுதல் 21 தனியே நிற்காமல், பெரும்பாலும் 14-ஆம் குரோமோசோமோடு, சில சமயம் இன்னொரு 21-ஆம் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் எல்லாருக்கும் வழக்கமாக இருக்கும் 46 தான் வரும். இதை டிரான்ஸ்லொகேஷன் என்கிறார்கள். எஞ்சிய சிலருக்கு உடலின் சில செல்களில் மட்டுமே கூடுதல் குரோமோசோம் இருக்கும். அது மொசைக் வகை. மூன்று வகைக் குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் நமக்கு வித்தியாசம் தெரியாது, பெற்றோரின் எதிர்காலக் கணக்கோ முற்றிலும் வேறாகிவிடுகிறது.

டிரான்ஸ்லொகேஷன் வகையாக இருந்தால் பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதிக்கிறார்கள். அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த ஒட்டுதல் புதிதாக ஏற்பட்டதாகவே இருக்கும். சிலருக்கு மட்டும் தாயோ தந்தையோ அதைச் சுமப்பவராக இருப்பார். சுமப்பவருக்கு மொத்தம் 45 குரோமோசோம்கள்தான் இருக்கும், ஆனால் முக்கியமான மரபுப்பொருள் எதுவும் குறையவில்லை என்பதால் அவருக்கு எந்தக் குறையும் இராது, தெரிந்துகொள்ள வாய்ப்பும் இராது. 14-உம் 21-உம் ஒட்டிய நிலையைத் தாய் சுமந்தால் அடுத்த குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு 10 முதல் 15 விழுக்காடு வரை. தந்தை சுமந்தால் அது மிகவும் குறைவு. இரண்டு 21-ஆம் குரோமோசோம்களும் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையை ஒருவர் சுமப்பது மிக அரிது, ஆனால் அப்படிச் சுமந்தால் அவருக்கு உயிரோடு பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். இவ்வளவு பெரிய வேறுபாடுகள் ஒரு வரியில் ஒளிந்திருப்பதை எங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் மகளைப் பெற்றெடுத்த இடத்தில் இருந்தவர்கள். அங்கே யாரும் சொல்லவில்லை.

எங்கள் மகளுக்கு இருப்பது தனியே நிற்கும் வகை என்பதால் எங்கள் இருவரின் குரோமோசோம்களைச் சோதிக்கத் தேவையில்லை என்று ஆலோசகர் சொன்னபோதுதான் இந்தப் பிரிவின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் வேறொரு பரிசோதனைக் கூடத்தில், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெற்றோர் இருவருக்கும் அந்தச் சோதனையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆலோசகர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, இதன் முடிவு எப்படி வந்தாலும் நான் உங்களுக்குச் சொல்லப்போகும் எண் மாறாது, மாறாத ஒன்றுக்கு எதற்குச் செலவு என்று கேட்டு அதை ஒதுக்கி வைத்தார். பரிசோதனைகளைச் சேர்ப்பதில் ஆர்வம் காட்டும் இடங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். அறிக்கை கையில் இல்லாதவர்களுக்கு ஒரு குறிப்பு: குழந்தையின் ரத்தத்தை எடுத்து, வெள்ளணுக்களை ஏறத்தாழ மூன்று நாள்கள் வளர்த்து, அவை பிரியும் தருணத்தில் நிறுத்திப் படமெடுத்துத்தான் எண்ணுகிறார்கள். ஆகவே முடிவு உடனே வராது. ஆலோசனைக்கு முன்பே அதைச் செய்து முடித்துவிடுவது நல்லது.

அடுத்து ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் எங்கள் இரு குடும்பங்களையும் மூன்று தலைமுறைக்கு வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கலைந்த கருவுக்குச் சிறு முக்கோணம், உறவுக்குள் நடந்த திருமணமானால் இரட்டைக்கோடு. எங்கள் மகளின் வட்டத்தை மட்டும் கறுப்பாக நிரப்பி, அதன் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டார். எத்தனை கருச்சிதைவுகள், எந்த வாரத்தில், யாருக்கு என்று பொறுமையாகக் கேட்டார். ஒட்டிய குரோமோசோமைச் சுமக்கும் குடும்பங்களில் கருச்சிதைவுகள் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால்தான் இந்தக் கேள்வி; குழந்தையின் அறிக்கை தெளிவாக இருந்தாலும் குடும்பத்தில் வேறு ஏதேனும் மரபு நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும். உறவுக்குள் திருமணம் செய்ததால்தான் டவுன் சிண்ட்ரோம் வந்தது என்ற பேச்சையும் அவர் அங்கேயே தீர்த்து வைத்தார்: நெருங்கிய உறவில் மணம் புரிவது வேறு வகை மரபு நோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக வருவதற்கு அது காரணமாகக் கொள்ளப்படுவதில்லை.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். தனியே நிற்கும் வகையில் ஒரு குழந்தை பிறந்திருந்தால், தாய் 40 வயதுக்குட்பட்டவராக இருக்கும்வரை, அடுத்த கருவுக்கும் அது வரும் வாய்ப்பை ஏறத்தாழ நூற்றில் ஒன்று என்று சொல்வது வழக்கம். அப்படி ஒரு குழந்தையைப் பெறாத பெண்ணுக்கும் வயதைப் பொறுத்து ஒரு வாய்ப்பு உண்டு: 35 வயதில் ஏறத்தாழ 350 பிறப்புகளுக்கு ஒன்று, 40 வயதில் ஏறத்தாழ 100-க்கு ஒன்று, 45 வயதில் ஏறத்தாழ 30-க்கு ஒன்று. ஆகவே 25 வயதில் அப்படி ஒரு குழந்தையைப் பெற்ற பெண்ணுக்கு, தன் வயதுக்குரிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒன்று என்ற எண் நூற்றில் ஒன்றாக உயர்வது பெரிய மாற்றம். நாற்பதைத் தாண்டியவருக்கோ வயதின் எண்ணே மேலோங்கிவிடுகிறது. இளம் வயதுத் தாய்க்கு ஏன் இவ்வளவு உயர்கிறது என்று கேட்டதற்கு, மிகச் சிலரின் கருமுட்டைகளில் ஒரு பகுதியிலேயே அந்தக் கூடுதல் குரோமோசோம் ஏற்கெனவே இருக்கக்கூடும், அதை ரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்க முடியாது, அந்தச் சிலரையும் சேர்த்து எல்லாருக்கும் போட்ட சராசரிதான் இந்த நூற்றில் ஒன்று என்றார். இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கென்று ஒரு எண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அது எங்களைப் போன்ற எல்லாருக்குமான எண் என்று அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

அந்த எண்ணை அவர் சொன்ன விதத்தையும் குறிப்பிட வேண்டும். நூற்றில் ஒன்று என்று சொல்லிவிட்டு, நூற்றில் தொண்ணூற்றொன்பது என்றும் சொல்லி, நூறு சிறு கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாளில் ஒன்றை மட்டும் நிரப்பிக் காட்டினார். என் கணவர் அந்தத் தாளைப் பார்த்து நிம்மதியடைந்தார். எனக்கு அந்த ஒரு கட்டம்தான் கண்ணில் பட்டது. ஆலோசகர் இரண்டையும் கவனித்து, ஒரே எண்ணை நீங்கள் இருவரும் இரண்டு விதமாகப் படிக்கிறீர்கள், இரண்டும் சரிதான், ஆனால் வீட்டுக்குப் போய் இந்தத் தாளை வைத்துச் சண்டை போடாதீர்கள் என்றார். சிரித்தோம், ஆனாலும் அவர் சொன்னது வீண்போகவில்லை. இது பெரிய அபாயமா சிறிய அபாயமா என்று எத்தனை முறை கேட்டும் அவர் பதில் சொல்லவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்று தொடங்கும் அறிவுரைகளை ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, அப்படித் தொடங்க மறுக்கும் ஒருவரோடு பேசுவது ஓய்வாகவும் இருந்தது என்பதைப் பின்னால் உணர்ந்தேன்.

எதனால் வந்தது என்ற கேள்விக்கும் அவர் நேரம் ஒதுக்கினார். கருமுட்டைகள் பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, குரோமோசோம்களைப் பங்கிடும் வேலையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, பல ஆண்டுகள் காத்திருந்து, முட்டை வெளிவரும் மாதத்தில்தான் அதைத் தொடர்கின்றன. அந்தப் பங்கீட்டில் 21-ஆம் குரோமோசோமின் இரு பிரதிகளும் ஒரே பக்கம் போய்விடும்போதுதான் இது நிகழ்கிறது. பத்தில் ஒன்பது பங்கு கருமுட்டையிலும், சிறு பங்கு விந்தணுவிலும் நேர்வதாகச் சொன்னார். உண்டது, உழைத்தது, பயணம் போனது, கவலைப்பட்டது என்று யாரோ எதையோ காரணமாகச் சொல்லிக் கேட்ட தாய்மார்களுக்கு இந்தப் பகுதி ஒன்றுக்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன். அதே மூச்சில், இனி எதைச் செய்தால் வராமல் தடுக்கலாம் என்று கேட்டபோது அப்படி எதுவும் இல்லை என்றும் நேராகச் சொன்னார். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொன்னது முதுகுத்தண்டு, மூளை சார்ந்த பிறவிக் குறைகளைத் தவிர்ப்பதற்காக. அது டவுன் சிண்ட்ரோமைத் தடுக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தார்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. என்.ஐ.பி.டி. எனப்படும் இந்தச் சோதனையில் கர்ப்பத்தின் பத்தாவது வாரத்துக்குப் பிறகு தாயின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய டி.என்.ஏ. துண்டுகளை எண்ணி, 21-ஆம் குரோமோசோமின் பங்கு இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. கலந்திருப்பது 1997-இல் கண்டறியப்பட்டு, 2011-இல் இந்தச் சோதனை பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஊசி குத்திக்கொள்வதைத் தவிரத் தாய்க்கோ கருவுக்கோ எந்த ஆபத்தும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு கருக்களில் ஏறத்தாழ 99-ஐ அது பிடித்துவிடுகிறது, அது இல்லாத ஆயிரம் கருக்களில் ஒன்றைத் தவறாகச் சுட்டுகிறது. பரிசோதனைக் கூடத்தின் வண்ணத்தாளில் ‘99 விழுக்காடு துல்லியம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தாள்தான் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி, ஏனென்றால் சோதனை ‘அதிக அபாயம்’ என்று சொன்னால் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதற்கு 99 விழுக்காடு வாய்ப்பு என்றே படிப்பவர் எவரும் நினைப்பார். அது அப்படியல்ல.

ஆலோசகர் ஒரு துண்டுத்தாளின் பின்புறத்தில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். நூற்றில் ஒன்று என்ற வாய்ப்புள்ள, எங்களைப் போன்ற பத்தாயிரம் பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். சோதனை 99 பேரைப் பிடிக்கும், ஒருவரை விட்டுவிடும். மற்ற 9,900 பேரில் ஏறத்தாழ 10 பேரைத் தவறாகச் சுட்டும். ஆக ‘அதிக அபாயம்’ என்று முடிவு வந்த 109 பேரில் 99 பேருக்கு அது உண்மை, பத்தில் ஒன்பது. இதே கணக்கை 25 வயதில் முதல் குழந்தையைச் சுமக்கும் பத்தாயிரம் பெண்களுக்குப் போட்டால், உண்மையில் எட்டுப் பேருக்கு இருக்கும், பத்துப் பேரைச் சோதனை தவறாகச் சுட்டும். அதாவது ‘அதிக அபாயம்’ என்று வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது பொய். சோதனை ஒன்றே, ஊசி ஒன்றே, அச்சிட்ட வாசகமும் ஒன்றே. யார் கையை நீட்டினார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறிவிடுகிறது. இந்தக் கணக்கை விளக்கியதற்காக மட்டுமே ஆலோசனைப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், இதை அச்சிடாமல் விட்டதற்காகப் பரிசோதனைக் கூடத்துக்கு மதிப்பெண் குறைப்பேன்.

இன்னும் சில வரம்புகளும் உண்டு. ரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ. எனப்படுவது உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. அரிதாக நஞ்சுக்கொடியில் ஒன்றும் கருவில் வேறொன்றுமாக இருக்கலாம். கருவின் பங்கு போதிய அளவு இல்லையென்றால் முடிவே வராமல் மீண்டும் ரத்தம் கேட்பார்கள். வாரம் குறைவாக இருந்தாலோ தாயின் உடல் எடை கூடுதலாக இருந்தாலோ இது நேரக்கூடும். ஒட்டிய குரோமோசோமால் வரும் டவுன் சிண்ட்ரோமையும் இந்தச் சோதனை பிடிக்கும், ஆனால் அது ஒட்டியதா தனியே நிற்பதா என்று சொல்லாது. எனவேதான் இதை உறுதிசெய்யும் சோதனையாக எவரும் கொள்வதில்லை. உறுதிசெய்ய வேண்டுமானால் 11 முதல் 14 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கும் சி.வி.எஸ்., அல்லது 15-ஆவது வாரத்திலிருந்து பனிக்குட நீரை எடுக்கும் ஆம்னியோசென்டெசிஸ் என்ற இரண்டு வழிகள். பழகிய கைகள் செய்தால் இவற்றால் கரு கலையும் வாய்ப்பு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றார்கள். முன்பு ஒரு குழந்தை டவுன் சிண்ட்ரோமோடு பிறந்திருப்பதால் விரும்பினால் ரத்தப் பரிசோதனையைத் தாண்டி நேராக இதற்கே போகலாம் என்ற வாய்ப்பையும் எங்கள் முன் வைத்தார்கள், வற்புறுத்தவில்லை. 11 முதல் 14 வாரங்களுக்குள் கருவின் பின்கழுத்து நீர்ப்படலத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனையும், 18 முதல் 22 வாரங்களுக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனை செய்தவர்களும் விட்டுவிடக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும் என்பதால் இதயத்தைப் பார்ப்பது அவசியம், ஆனால் மறுபாதிக்கு இதயம் நன்றாகவே இருக்கும் என்பதால் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதியடையவும் முடியாது.

ஐ.வி.எஃப். முறையில் கருமுட்டைகளை வெளியே கருவாக்கி, குரோமோசோம்களைச் சோதித்து, அதன் பிறகு கருப்பையில் வைக்கும் வழியைப் பற்றியும் கேட்டோம், ஏனென்றால் ஒரு கருத்தரிப்பு மையத்தில் இதுதான் ஒரே பாதுகாப்பான வழி என்பதுபோல எங்களிடம் பேசியிருந்தார்கள். ஒட்டிய குரோமோசோமைச் சுமக்கும் தம்பதியருக்கு, குறிப்பாகப் பலமுறை கரு கலைந்தவர்களுக்கு, அது பொருத்தமான வழியாக இருக்கலாம். இயல்பாகக் கருத்தரிக்கக்கூடிய, நூற்றில் ஒன்று என்ற வாய்ப்புள்ள தம்பதியர் ஹார்மோன் ஊசிகள், முட்டை எடுப்பு, கரு தங்காமல் போகும் ஏமாற்றம் ஆகிய எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ள விரும்புகிறார்களா என்பதை அவர்களே எடைபோட வேண்டும், அப்படிச் செய்தாலும் கருவுற்ற பிறகு வழக்கமான சோதனைகள் தேவைப்படும் என்று ஆலோசகர் விளக்கினார். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

சோதனையைப் பற்றிய பேச்சு முடியும் தறுவாயில் ஆலோசகர், முடிவு வந்ததும் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள், ஒன்றும் செய்ய மாட்டோம் என்றாலும் அது ஒரு பதில்தான் என்றார். முன்கூட்டியே தெரிந்தால் கருவைத் தொடர்வதில்லை என்று எண்ணுபவர்களும் உண்டு; அவர்களுக்கு வாரங்களும் தத்தம் நாட்டுச் சட்டமும் எல்லை வகுக்கின்றன. எதுவானாலும் தொடர்வோம், ஆனால் இதய மருத்துவரும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்வோம் என்பவர்களும் உண்டு. முடிவு தெரிந்தால் ஒன்பது மாதமும் அதே நினைப்பாகிவிடும், சோதனையே வேண்டாம் என்பவர்களும் உண்டு. மூன்று வகையினருக்கும் அவர் ஒரே தொனியில் விளக்குவதைக் கேட்டபோது, எங்கள் மகள் அதே அறையின் மூலையில் உட்கார்ந்து பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. குழந்தையை அழைத்து வரலாமா வேண்டாமா என்று முன்பதிவின்போது யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், குழந்தைக்குப் பேச்சு புரியும் வயதாகிவிட்டால் அழைத்துச் செல்லாதீர்கள். அவளைப் பற்றி அவள் முன்னிலையில் அபாயம் என்ற சொல்லை இத்தனை முறை சொல்ல வேண்டியதில்லை.

குறைகளில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றியதும் இதோடு தொடர்புடையதே. நிரப்பச் சொன்ன படிவத்தில் எங்கள் மகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த கட்டத்தின் தலைப்பு ‘பாதிக்கப்பட்ட குழந்தை’ என்பது. அவளுடைய தைராய்டு, செவித்திறன், பேச்சுப் பயிற்சி, அடுத்து வரவிருக்கும் சிகிச்சைகள் எதையும் அந்தப் படிவம் கேட்கவில்லை. ஆனால் எப்போது கருத்தரிக்கலாம் என்ற முடிவை இவைதான் தீர்மானிக்கின்றன. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் இருப்பது நல்லது என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைச் சொன்னார்கள், அவ்வளவுதான். இதய அறுவை சிகிச்சை இன்னும் ஆகாத குழந்தை வீட்டில் இருக்கும்போது, தாய் வாந்தி மயக்கத்தோடு படுத்திருக்கும் மாதங்களில் அந்தக் குழந்தையை யார் பயிற்சிக்கு அழைத்துச் செல்வார், நிறைமாதத்தில் மூத்தவள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் மரபியலுக்கு வெளியே இருப்பவை என்பது உண்மையே. இவற்றுக்கு ஒரு மருத்துவச் சமூகப்பணியாளரையோ, இதே நிலையில் இரண்டாவது குழந்தையைப் பெற்ற வேறொரு குடும்பத்தையோ கைகாட்டிவிட்டிருக்கலாம். இறுதியில் எங்களுக்கு உருப்படியான வழிகளைச் சொன்னவர்கள் பயிற்சி மையத்தின் வாசலில் காத்திருக்கும் மற்றத் தாய்மார்களே.

எங்களுக்குப் பிறகு இவளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அதனால்தான் இன்னொரு குழந்தை என்று உறவினர்கள் சொல்வதையே நானும் ஆலோசகரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அந்தக் குழந்தையிடம் இதை எந்த வயதில் சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி. பிறக்கும் முன்பே பணி நியமனம் செய்யப்பட்ட பிள்ளையாக யாரும் பிறக்க வேண்டியதில்லை என்பது இப்போது என் கருத்து. ஆனால் கேள்வியை எழுப்பிவிட்டு அங்கேயே விட்டதில் எனக்கு மனக்குறை உண்டு. உடன்பிறந்தவர்களின் அனுபவம் பற்றித் தெரிந்தவை இருக்கின்றன: 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உடன்பிறந்தோர் 822 பேரிடம் கேட்டபோது, 96 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அவர்கள் மேல் பாசம் வைத்திருப்பதாகவும், 5 விழுக்காட்டுக்கும் குறைவானோர் மட்டுமே அவர்களுக்குப் பதில் வேறொரு உடன்பிறப்பு இருந்திருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் அமைப்புகளில் சேர்ந்த குடும்பங்களின் வழியாக எடுத்த ஆய்வு என்பதால் மிகவும் சிரமப்படும் வீடுகள் அதில் குறைவாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனாலும் இரண்டாவது பிள்ளையின் வாழ்க்கை பாழாகிவிடும் என்று எவரேனும் சொல்லும்போது எடுத்துக்காட்ட இது போதும். இப்படி ஒன்றிரண்டு தகவல்களை ஆலோசனைக்கூடமே தந்திருக்க வேண்டும்.

சில்லறைக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் பெயர் சொல்லி அழைப்பதற்குப் பதிலாக ‘ஹை ரிஸ்க் யாரு?’ என்று உரக்கக் கேட்டார்கள். கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. முடிவு தொலைபேசியில் சொல்லப்படும் என்று கூறியிருந்தும், யார் எப்போது அழைப்பார் என்று சொல்லாததால் அந்த நாள்களில் அறிமுகமில்லாத எண் எது வந்தாலும் நெஞ்சு படபடத்தது. எங்களுக்குக் ‘குறைந்த அபாயம்’ என்று வந்தது, அதற்கு மேல் சோதனை வேண்டாம் என்று நாங்கள் நிறுத்திக்கொண்டோம். முடிவு எங்களுக்குச் சாதகமாக வந்ததை வைத்து இந்தச் சேவையை மதிப்பிடுவது முறையாகாது. வேறு விதமாக வந்திருந்தால் மறுநாளே நேரில் பார்க்க நேரம் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன், அதை முன்பே சொல்லியிருந்தால் காத்திருப்பது சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஆலோசனைக்குப் பின் அவர்கள் தரும் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காதவர்களுக்கு அது கோப்பிலேயே தங்கிவிடுகிறது. அதில் குழந்தையின் காரியோடைப் வரி, எங்களுக்கான எண், எந்த வாரத்தில் எந்தச் சோதனை செய்யலாம் என்பதெல்லாம் இருந்ததால், மகப்பேறு மருத்துவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய வேலை மிச்சமாயிற்று. எங்கள் உடன்பிறந்தோருக்கு இதனால் கூடுதல் அபாயம் என்று கருதத் தேவையில்லை என்ற வரியும் அதில் இருந்தது, கருவுற்றிருந்த என் தங்கைக்கு அதைப் படித்துக் காட்ட முடிந்தது. பெற்றோரில் ஒருவர் ஒட்டிய குரோமோசோமைச் சுமப்பவராக இருந்தால் மட்டும் இது பொருந்தாது, அப்போது அவருடைய உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கருவுறுவதற்குச் சில மாதங்கள் முன்பே போவதுதான் சிறந்தது, குறிப்பாகக் குழந்தையின் அறிக்கை இன்னும் கையில் இல்லையென்றால். ஏற்கெனவே கருவுற்றுவிட்டவர்கள் முன்பதிவு செய்யும்போதே எத்தனையாவது வாரம் என்று சொல்லிவிட்டால் வரிசையைத் தாண்டி நேரம் தருகிறார்கள். இந்த வசதி எந்த அறிவிப்புப் பலகையிலும் எழுதப்படவில்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும்.